முத்திரை உடையாத மூன்று ஓலைகள்

தலைநகரான மாறனூரில் நின்று கடலுக்குப் போக எத்தனை வழி என்று கேட்டால் மூன்று விரலைக் காட்டுவார்கள். குதிரைக்குப் பெருவழி, பிற்பகலுக்குள் போய்விடலாம். ஓடத்துக்கு ஆறு, உட்கார்ந்தபடியே போகலாம். இரண்டும் வாய்க்காதவனுக்குக் காட்டுப்பாதை. இதில் எது நல்லது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆளுக்கொன்று சொல்லி உங்கள் பொழுதைத் தின்றுவிடுவார்கள்.

மூன்றும் போய்ச் சேர்வது ஆழித்துறைக்கு. இந்தக் கதை நடந்த அன்று அந்தத் துறையில் நின்ற கப்பலில் மாயன் என்ற இளைஞன் கால்விலங்கோடு உட்கார்ந்திருந்தான். கோயில் நகையைத் திருடியதாகத் தீர்ப்பாகி, தீவுக்கு நாடு கடத்தப்பட்டவன். கடல் ஏறி நின்று, வற்றத் தொடங்கும் மாலை வேளையில் கப்பல் கிளம்பும். யாருக்காகவும் காத்திருக்காது. அந்தத் தீவுக்கு ஏற்ற காற்று ஆண்டுக்கு ஒரு முறைதான் அடிக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அன்று விடியற்காலையில் உண்மையான திருடன் நகையோடு பிடிபட்டான். அரசன் பதறிப்போனான். நல்லவன்தான், ஆனால் எதையும் கூடுதலாகச் செய்தால்தான் அவனுக்கு மனம் ஆறும். விடுதலை ஓலை ஒன்றுக்கு மூன்றாக எழுதி முத்திரை வைத்தான். குதிரைவீரன் வீரசேகரன், ஓடக்காரன் நல்லப்பன், நடைத்தூதன் எழினி மூவரையும் ஒன்றாக நிறுத்தி, "ஆளுக்கொரு வழியாகப் போங்கள். ஒருவனுக்குத் தடை வந்தாலும் மற்ற இருவர் இருக்கிறீர்கள்" என்றான். சபை அந்த யோசனையை மெச்சியது.

மாயனின் தாய் சீராயி அரண்மனை வாசலில் நின்றிருந்தாள். பத்து நாள் அழுது தீர்த்தவள். இப்போது நல்ல செய்தி வந்தும் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அவளுக்குள் எல்லாம் மரத்துப்போயிருந்தது.

"மூணு பேரை அனுப்பியாச்சு தாயி, கவலைய விடு" என்றார் அமைச்சர்.

"ஒருத்தர் போதாதா சாமி?" என்றாள்.

அமைச்சர் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

வீரசேகரன் உச்சிப்பொழுதுக்குள் பாதிக்கு மேல் கடந்துவிட்டான். வழியோர வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பாம்பு கடித்திருந்தது. அவள் கணவன் ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான். வைத்தியர் வீடோ வந்த வழியிலேயே வெகுதூரம் பின்னால். வீரசேகரன் ஓலையைத் தொட்டுப் பார்த்தான். 'ஓடம் போகிறது, எழினி போகிறான்' என்று நினைத்துக்கொண்டு அவளைக் குதிரையில் ஏற்றினான். அவள் பிழைத்தாள். அவன் துறைக்கு வந்தபோது கப்பலின் பாய் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

நல்லப்பன் மாலைக்கு வெகு முன்பே முகத்துவாரத்தை எட்டிவிட்டான். கடல் ஏறும் நேரம், ஆற்றுநீரைப் பின்னுக்குத் தள்ளியது. துடுப்பு எத்தனை போட்டும் ஓடம் நகரவில்லை. கரையேறி நடந்தால் துறை அரை நாழிகைத் தூரம்தான், பாய்மரம் கண்ணெதிரே தெரிந்தது. ஆனால் முழங்கால் வரை சேறு. "குதிர எப்பவோ போயிருக்கும். நான் வேற எதுக்குச் சேத்துல விழணும்?" என்று சொல்லி ஓடத்தைக் கட்டிவிட்டுச் சோற்று மூட்டையை அவிழ்த்தான். தண்ணீர் வற்றத் தொடங்கியதும் ஓடத்தை விட்டான். அதே தண்ணீரில்தான் கப்பலும் கிளம்பியது.

எழினி எங்கும் நிற்கவில்லை. முள் ஏறிய காலோடு ஓடி, மூவரில் முதல் ஆளாகத் துறையின் வாயிலுக்கு வந்தான். கப்பல் நங்கூரம் எடுக்காமல் நின்றது. வாயிலில் ஒரு செம்மண்நிறக் குதிரை நுரை தள்ளி நின்றிருந்தது. வீரசேகரன் குதிரையும் அதே நிறம். 'வந்துவிட்டான், பையன் பிழைத்தான்' என்று எழினிக்கு அப்படியொரு மகிழ்ச்சி. கால்கள் அப்போதுதான் வலியைச் சொல்லின. கிணற்றடியில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டான். வாயிலில் நின்றதோ உப்பு வணிகர் ஒருவருடைய குதிரை. அவன் எழுந்திருப்பதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. கிணற்றிலிருந்து கப்பல் ஏணிக்கு இருநூறு அடி. நான் எண்ணவில்லை, அவனே பிறகு எண்ணிப் பார்த்தான்.

மறுநாள் மூவரும் முத்திரை உடையாத ஓலைகளோடு சபையில் நின்றார்கள். எழினி மட்டும் அழுதான். அரசன் சீராயியிடம், "தாயே, யாரைக் காட்டுகிறாயோ அவன் தலையை எடுக்கிறேன்" என்றான். அவள் மூவரையும் முன்பின் தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒருவன் ஓர் உயிரைக் காத்தான். ஒருவன் சேற்றுக்கு அஞ்சினான். ஒருவன் முழு வழியும் ஓடிவந்து இருநூறு அடியில் நின்றுவிட்டான். மாயனைக் கப்பலேறிப் போகவிட்டவன் யார்?

நல்லப்பன் என்று சட்டென்று விரல் நீட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஒவ்வொருவனையும் தனியாக அனுப்பியதாக நினைத்துப் பாருங்கள். தனியாக வந்த நல்லப்பன் திட்டிக்கொண்டே சேற்றில் இறங்கியிருப்பான். தனியாக வந்த எழினி அந்தக் குதிரையைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். வீரசேகரன் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவ்வளவு எளிதாகத் திரும்பியிருக்க மாட்டான். ஒரு மனிதன் சுமக்க வேண்டியதை மூன்றாகப் பிரித்து, பிரித்ததை அவர்களிடமே சொல்லி அனுப்பியவன் சிம்மாசனத்தில் இருந்தான். சீராயிக்கு அது முதலிலேயே தெரியும். "யார் தலையும் வேண்டாம் மகராசா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறு ஆண்டு காற்றுத் திரும்பியபோது அரசன் அவளை அழைத்து, "இம்முறை ஐந்து பேரை அனுப்புகிறேன்" என்றான். அவள் கையை நீட்டினாள். "ஒரே ஒரு ஓல எழுதுங்க. அத எங்கையில குடுங்க. பின்னால யாரும் வர வேண்டாம்."