வைரவேல் அண்ணாச்சியின் முக்கால் பங்கு

எங்கள் ஊர் கிளப் நடத்திய போக்கர் சீட்டாட்டப் போட்டியில் கடைசியாக மிஞ்சியவர்கள் ரைஸ்மில் முதலாளி வைரவேலும், அதே கிளப்பின் டீ மாஸ்டர் சுடலைமணியும். முதல் பரிசு ஒரு லட்சம், இரண்டாம் பரிசு நாற்பதாயிரம். பஜாரில் சொந்தமாக டீக்கடை பிடிக்க சுடலைமணிக்கு ஐம்பதாயிரம் முன்பணம் வேண்டும்.

பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் பந்தய வில்லைகளில் முக்கால்வாசி வைரவேலிடம் குவிந்திருந்தது.

"ஆட்டத்த நிறுத்திருவோம்டே. ரெண்டு பரிசையும் சேத்த மொத்தப் பணத்துல முக்கால் எனக்கு, கால் உனக்கு. உன் தகுதிக்கு அதுவே ஜாஸ்தி" என்றார். வேடிக்கை பார்க்க வந்த என்னை ஒருநாள் கிளப்பை விட்டு வெளியே போகச் சொன்னதும் இதே குரலில்தான்.

சுடலைமணி பணிவாகக் கேட்டான்: "அண்ணாச்சி, விளையாடி ஜெயிச்சாலே உங்களுக்கு ஒரு லட்சம்தான். இப்ப ஒரு லட்சத்து அஞ்சாயிரம் கேக்கீங்க. தோத்தாலே எனக்கு நாப்பது வரும், நீங்க முப்பத்தஞ்சு தாரீங்க. உங்ககூட சமாதானமாப் போறதவிட தோக்கதுல்லா எனக்கு லாபம்?"

கிளப்பே சிரித்தது.

"அப்ப என்னதாம்டே சொல்லுதே?"

"ஆளுக்கு நாப்பது எப்படியும் உறுதி. மிச்சம் அறுபதுல நீங்க சொன்ன மாதிரியே முக்கால் உங்களுக்கு, கால் எனக்கு."

அத்தனை பேர் முன்னால் தன் வாயால் சொன்ன பங்கை எப்படி மாற்றுவார்? பங்கை எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

ஐம்பத்தைந்தாயிரத்தோடு சுடலைமணி நேராக பஜாருக்குப் போய்விட்டான். அன்று வைரவேலுக்கு டீ போட்டுக் கொடுக்கக் கிளப்பில் ஆளில்லை.