பட்டியலில் வராத நான்கு பேர்

“நீங்க சொல்லித்தந்த ரிப்போர்ட் பொய் சொல்லிடுச்சு, டீச்சர்” என்றார் ஏசுவடியான்.

ஷமீமா கணினியிலிருந்து திரும்பினாள்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் கம்பெனியில் மேனேஜர். அந்தக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்து, மூன்று மாதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தவள் ஷமீமா. அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். இருந்தும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

“என்ன ஆச்சு சார்?”

“குலசேகரத்துல ஒரு அம்மா. கமலபாய். திங்கக்கிழமை சிலிண்டர் போயிருக்கணும். போகல.”

“இப்போ எப்படி இருக்காங்க?”

“நேத்து எல்லாம் முடிஞ்சது. நானும் போயிருந்தேன். தூரமா நின்னுட்டு வந்துட்டேன்.”

ஷமீமா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

“நிலைங்கிற கட்டத்துல ‘பாக்கி’ன்னு இருக்கிறதை மட்டும் காட்டுன்னு ஃபில்டர் போட்டேன். நீங்க சொன்ன மாதிரியேதான். பதினோரு பேரு வந்துச்சு. பதினோரு வீட்டுக்கும் அனுப்பினேன். அந்த அம்மா பேரு அதுல இல்ல.”

“அவங்க வீட்டுலேர்ந்து யாரும் கூப்பிடலையா?”



“வீட்டுக்காரர் கூப்பிட்டார். ரெண்டு தடவை. லிஸ்ட்ல உங்க பேரு இல்லியே, அப்போ வந்திருக்கும், நல்லாப் பாருங்கன்னு சொன்னேன்.”

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“வந்திருந்தா அவரு எதுக்குக் கூப்பிடப் போறாரு? அது எனக்குத் தோணவே இல்ல, டீச்சர்.”

ஷமீமா அதே ரிப்போர்ட்டைத் திறந்தாள். ‘பாக்கி’ என்பதை எடுத்துவிட்டு, ‘காலி’ என்று மாற்றினாள்.

திரையில் நான்கு பெயர்கள் வந்தன.

முதல் பெயர் கமலபாய்.

“ஆர்டர் எடுக்கிறப்போ நிலையைப் போடாம விட்டுட்டா, அது பாக்கியும் இல்ல, கொடுத்தாச்சும் இல்ல. வெறும் கட்டம். பாக்கியைக் கேட்டா அது வராது.” அவள் குரல் இறங்கியது. “இதை நான் உங்களுக்குச் சொல்லித்தரல, சார்.”

“போடாம விட்டது யாரு?”

அவள் தயங்கினாள். பிறகு திரையை வலப்பக்கம் நகர்த்தினாள். ‘பதிவு செய்தவர்’ என்பதன் கீழே நான்கு வரியிலும் ஒரே பெயர்.

ஏசுவடியான் தன் பெயரை நான்கு முறை படித்தார். அப்போதுதான் உட்கார்ந்தார்.

“நானா கொன்னேன்?”

ஷமீமா மேஜைமேல் இருந்த போனை அவர் பக்கம் தள்ளினாள்.

“இன்னும் மூணு பேரு இருக்காங்க.”

எண்களை அவள் சொல்லச் சொல்ல அழுத்தினார்.

முதல் வீட்டில், காத்திருந்து பார்த்து வேறு இடத்தில் வாங்கிவிட்டோம் என்றார்கள்.

அடுத்த வீட்டில் ஒரு பெண் எடுத்தாள். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றாள். “இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துதா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மூன்றாவது எண் அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது.

மறுபடி போட்டார். நின்றது.

மறுபடியும்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவர் அழுதார்.

“யாரும் எடுக்கல, டீச்சர். இனி நான் என்ன செய்ய?”

ஷமீமா திரையைப் பார்த்தாள்.

“முகவரி அடுத்த கட்டத்துலயே இருக்கு, சார்.”