பனித்துளி காட்டிய பாதை

அந்த ஏரிக்கு வருஷா வருஷம் பறவைகள் கூடிக்கொண்டே போயின. எது எப்போது இறங்கலாம் என்று கரையில் நின்று கத்திச் சொல்வது ஆள்காட்டிக் குருவி ஒன்றுதான். போன மாதம் அதற்குத் தொண்டை கட்டியபோது, இரண்டு கொக்குகள் வானத்திலேயே மோதி விழுந்தன.

பறவைகள் சிலந்தியிடம் போய் வழி கேட்டன.

சிலந்தி கெட்டிக்காரி. ஏரிக்கு மேலுள்ள வானத்தையே ஒரு சின்ன வலையாகப் பின்னினாள். ஒவ்வொரு இழையும் ஒரு பாதை. விடியற்காலையில் வலையில் தங்கும் பனித்துளிகளைப் பறவைகளாக வைத்து உருட்டிப் பார்த்தாள். பத்து நாள் பார்த்தாள். ஒரு துளிகூட இன்னொன்றைத் தொடவில்லை. வெயில் ஏறினால் துளிகள் காய்ந்துவிடும். அன்றைய சோதனையும் அதோடு சரி.

"எல்லாரும் கிழக்கே இருந்து இறங்குங்க. மேற்கே ஏறிப் போங்க. இனிமே கத்த ஆள் வேண்டாம்" என்றாள். பிறகு ஆள்காட்டியிடம், "நீ ஏதாவது சொல்லணுமாக்கா?" என்று கேட்டாள்.

மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல்காற்று வீசும். அப்போது மேற்கே சுற்றிவந்து, காற்றுக்கு எதிராகத்தான் இறங்க வேண்டும். இது ஆள்காட்டிக்குத் தெரியும். ஆனால் 'கத்த ஆள் வேண்டாம்' என்ற பேச்சு நெஞ்சில் தைத்துவிட்டது.

"நான் என்னத்தைச் சொல்ல? எல்லாம் தெரிஞ்சவங்க நீங்க."

சிலந்தி சரியென்று போய்விட்டாள்.

மறுநாள், இரண்டு குஞ்சுகளுக்குத் தாயான கூழைக்கடா இரைக்குக் கிளம்பியது.

"அக்கா, புதுப் பாதை ஒத்துவருமா?"

"அந்த வலையைக் கேளு தாயி" என்றது ஆள்காட்டி.

கூழைக்கடா திரும்பும்போது மதியம் தாண்டிவிட்டது. அலகுப் பை நிறைய மீன். சொன்னபடியே கிழக்கிலிருந்து இறங்கியது. காற்று முதுகில் தள்ளியது. வேகம் அடங்கவில்லை. ஆள்காட்டி வீம்பை மறந்து கத்தியது. அதற்குள் கூழைக்கடா பட்டமரத்தில் மோதி விழுந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

சிலந்தி ஓடிவந்தாள். "காத்து திரும்பும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் கேட்டேனே, அக்கா."

"ஒருதரம் கேட்டே."



ஆள்காட்டி ஒரு புழுவைக் கொத்திக்கொண்டு கூழைக்கடாவின் கூட்டுக்குப் போனது. குஞ்சுகள் அலகைத் திறந்தன. ஒவ்வொரு வாயும் ஆள்காட்டியையே விழுங்கும் அளவு பெரிது. ஒரு புழு எந்த மூலைக்கு? பொழுது சாய்ந்தும் அந்த வாய்கள் மூடவில்லை.

தெரிந்ததைக் கோபத்தில் சொல்லாமல் விடுகிறவரும், பொறுமையாகக் கேட்காமல் போகிறவரும் சேர்ந்து செய்கிற கெடுதல், ஒரு பாவமும் அறியாதவர் தலையில்தான் விழும்.