மூங்கில்காட்டுப் பேடும் வகைமுனியின் கோலும்

முன்னொரு காலத்தில், மலைகளுக்குக்கூடப் பெயர் வைத்து முடிக்காத காலத்தில், மூங்கில்நாட்டில் வகைமுனி என்றொரு மந்திரவாதி இருந்தான். உயிர்களை வகைபிரிப்பது அவன் தொழில். தன் கோலால் தொட்டு எதை எந்த வகை என்கிறானோ, அது அவ்வகையாகவே மாறிவிடும். அவனே தன் வாயால் மறுத்தால்தான் மந்திரம் உடையும். தவற்றை ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு இல்லாததால் மந்திரம் பத்திரமாக இருந்தது.

ஒருநாள் காட்டில் செம்பழுப்புப் பறவையொன்றைக் கண்டான்.

"தரையில் நடக்கிறது. மண்ணைக் கிளறுகிறது. உயரப் பறப்பதில்லை. வீட்டுக்கோழி" என்று கோலால் தொட்டான்.

அக்கணமே அந்த இனம் முழுவதும் மனிதரைக் கண்டு அஞ்ச மறந்தது. "பா பா" என்றால் புதரிலிருந்து ஓடிவந்தது. வந்தது, பிடிபட்டது, குழம்பானது. காட்டுப் பறவையைக் கொல்வது அந்நாட்டில் குற்றம். கோழியைக் கொல்வது சமையல்.

கடைசியில் ஒரு சேவலும் அடைகாக்கும் ஒரு பேடுமே மிஞ்சின. அந்தப் பேட்டையும் விருந்துக்காக அரண்மனைக்குத் தூக்கிவந்தார்கள். அது இளவரசி அல்லியங்கோதையின் மடியில் ஏறி அமர்ந்து பேசியது.

"புதரில் என் முட்டைகள் குளிர்கின்றன. ஆனாலும் உன் மடியைவிட்டு ஓடத் தோன்றவில்லை. எனக்கு என்ன ஆயிற்று?"

"உனக்கு ஒன்றும் ஆகவில்லை. உன்னைப் பற்றி ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்" என்றாள் இளவரசி. பேட்டை ஏந்திக்கொண்டு நேரே அவைக்கு நடந்தாள்.

"முனிவரே, இது என்ன?"

"வீட்டுக்கோழி. தரையில் நடக்கிறது. மண்ணைக் கிளறுகிறது. உயரப் பறப்பதில்லை."

"நீங்களும்தான் பறப்பதில்லை."

அவையில் யாரோ இருமினார்கள்.

"மகளே, பெரியவரிடம் பார்த்துப் பேசு" என்றார் அரசர்.

"பார்த்துத்தான் பேசுகிறேன், அப்பா. நம் நாட்டில் கோழி வளர்ப்பவர்கள் அதன் காலில் தங்கள் வீட்டு நிறத்தில் நூல் கட்டுகிறார்கள். பிறர் வீட்டுக் கோழியை அறுத்தால் திருட்டு. இதன் காலில் நூலே இல்லை. இது எந்த வீட்டுக் கோழி?"

முனிவன் அவையைப் பார்த்தான். இப்பறவையைத் தின்றவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். ஒரு வீட்டின் பெயரைச் சொன்னால் அரசர் முதல் அமைச்சர்வரை அனைவரும் கோழித் திருடர்கள்.

"எந்த வீடு?" இளவரசி மறுபடி கேட்டாள். முனிவன் கோலைத் துடைத்தான். மூன்றாம் முறையும் கேட்டாள்.

அரசருக்கு வியர்த்தது. "யார் வீட்டுடையதும் இல்லை என்று சொல்லித் தொலையும், ஐயா."

"யார் வீட்டுடையதும் இல்லை" என்று முனகினான் முனிவன்.

"அப்படியானால் வீட்டுக்கோழியா?"

"இல்லை. காட்டுப் பறவை."

திருட்டுப் பழியிலிருந்து தப்பும் அவசரத்தில், காட்டுப் பறவையைக் கொல்வதும் குற்றம் என்பது அவையில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. கோல் இரண்டாகப் பிளந்தது. பேடு திடுக்கிட்டு இளவரசியின் கையைக் கொத்தியது. சாளரம் வழியே பாய்ந்து காட்டுக்குள் மறைந்தது. வழிந்த ரத்தத்தைப் பார்த்து இளவரசி சிரித்தாள்.

அதன்பின் அவள் எத்தனை முறை காட்டுக்குப் போனாலும் அப்பறவை கண்ணில் படவேயில்லை. புதருக்குள் குஞ்சுகளின் குரல் மட்டும் கேட்டது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. கதை கேட்ட நமக்கும் அது போதும்.