தொண்ணூற்றாறு ஆடுகள்

ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒரு படைத்தலைவன், கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிவதற்காக, நெய்க்கென்று தொண்ணூற்றாறு ஆடுகளை விட்டான். கல்வெட்டு அவ்வளவுதான் சொன்னது. அந்த மந்தையை அருங்காட்சியகச் சுவருக்காக வரையும் வேலை மாசிலாமணிக்கு வந்தது.

இரண்டு முறை படம் திரும்பிவிட்டது. "எல்லாம் பொம்மை ஆடு" என்றார்கள். அன்று நாலு மணிக்குள் மூன்றாவது படம் போக வேண்டும். அதுவும் திரும்பினால் வேலை வேறு ஆளுக்கு.

மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. அதுவரை பெயர்ப்பலகை எழுதியவர். பழங்காலத்தை வரைய அவருக்குச் சொல்லிக்கொடுத்த அஞ்சுகம் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

மாசிலாமணி உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னல்வரை போய்த் திரும்பினார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"தரை தேயுது அண்ணே" என்றார் அஞ்சுகம்.

"என்ன குறை டீச்சர்? கொம்பு, மயிர், நிழல் எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"எல்லா ஆட்டுக்கும் ஒரே வயசா?"

"கல்வெட்டே 'சாவா மூவாப் பேராடு'ன்னு சொல்லுது. சாகாத, கிழடாகாத ஆடு. அதனாலதான் ஒரு கிழத்தைக்கூடப் போடலை."

அஞ்சுகம் செருப்பை மாட்டினார். "வாங்க."

"இப்பவா? மணி ரெண்டு!"

ஆற்றங்கரையில் பேச்சிமுத்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை உருப்படி?" என்று அஞ்சுகம் கேட்டார்.

"நூறு."

"உங்க அப்பா உங்ககிட்ட விட்டப்போ?"

"அப்பவும் நூறுதான் தாயி."

"அப்போ ஒண்ணுகூடச் சாகலையா?"

பேச்சிமுத்து சிரித்தார். "சாகாத ஆடு எந்தச் சந்தையில கிடைக்கும், சொல்லுங்க, நானும் வாரேன். நேத்துக்கூட ஒரு கிழம் போச்சு. முந்தாநாள் ரெண்டு குட்டி. நூறு மட்டும் குறைய விடமாட்டேன். அது அப்பா சொன்ன சொல்லு."

மாசிலாமணி திரும்பி வந்தது பாதி ஓட்டம். படத்தின் முன்வரிசையில் நின்ற கிடாவைச் சுரண்டினார். பத்து நாள் வரைந்த கிடா. அந்த இடத்தில் ஒரு கிழட்டு ஆடு கால் நீட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஈரம் காயாத ஒரு குட்டி எழுந்து நிற்கப் பார்த்தது.

தூரிகை நின்றது.

"டீச்சர், செத்த ஆட்டுக்கு ஆதாரம் கேப்பாங்களே. கல்லுல அப்படி ஒரு எழுத்துகூட இல்லையே?"

"சாகாத ஆடா இருந்தா, 'சாவா'ன்னு எதுக்கு அண்ணே மெனக்கெட்டுக் கல்லுல வெட்டப்போறாங்க?"