கீழத்தெருக் குழாய்

"அந்தக் குழாயில யாரையும் மாட்டைக் கட்ட விட்டுடாதீங்கப்பா" என்று குழாய் நட்ட காண்ட்ராக்டர் டீக்கடையில் தன் ஆட்களிடம் சொன்னது செங்கமலத்தின் காதில் விழுந்தது.

பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிறவள் அவள். கீழத்தெருவுக்கு அரசு கொடுத்த மானியத்தில் குழாய் நட்டு ஆறு மாதமாகியும் ஒரு சொட்டு வரவில்லை. பெண்கள் இன்னும் இரண்டு மைல் நடந்து கிணற்றில்தான் இறைத்தார்கள்.

அன்று தலைவர் தணிகாசலம் அவளைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அதிகாரி வர்றார். அந்தக் குழாயில தண்ணி வந்தாத்தான் அடுத்த மானியம். என்ன செய்வியோ தெரியாது. வரலேன்னா உனக்கு வேலை இல்லை."

"அதுக்கென்னங்க தலைவரே. நீங்களே உங்க கையால திறங்க. திருகு இறுக்கமா இருக்கும், பலமா முறுக்கணும்."

"வந்துருமா?"

"நீங்க கை வச்சு எது நடக்காம போயிருக்கு?"

தலைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. செங்கமலம் போகிற வழியில் அந்தத் திருகை ஸ்பேனரால் நன்றாக முடுக்கிவிட்டுப் போனாள்.

மறுநாள் தெருவே கூடி நின்றது. மாலை போட்ட குழாயைத் தலைவர் இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினார். முள்ளங்கியைப் பிடுங்கியது போலக் குழாய் மாலையோடு கையில் வந்தது. ஒரு முழம் பைப்பு, அதற்கு அடியில் வெறும் மண்.

"கீழே எதுவுமே இல்லையா?" என்றார் அதிகாரி.

"மாட்டைக் கட்டாதீங்கன்னு காண்ட்ராக்டர் நேத்தே சொன்னாருங்க ஐயா" என்றாள் செங்கமலம்.

தெரு சிரித்தது. அதிகாரி குழாயை ஜீப்பில் போட்டு, தலைவரையும் ஏறச் சொன்னார். பிறகு ஊர் வரைபடத்தை விரித்தார்.

"இனிமே வேலையை எங்க துறையே நேரா செய்யும். பைப்பு எந்த வழியா வரணும்மா?"

செங்கமலம் பேனாவை வாங்கி, ஊர்த் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கீழத்தெருவின் கடைசி வீடு வரை கோடு இழுத்தாள்.