புற்றுக்குக் கிடைத்த செப்பு முத்திரை

ராஜாக்களுக்குக் கோபம் வந்தால் சட்டம் பிறந்துவிடும் அந்தக் காலத்தில், ஒரு நாட்டு ராஜாவின் தலையில் மண்டபத்துக் காரை பெயர்ந்து விழுந்தது. கிரீடம் மட்டும்தான் நசுங்கியது. ஆனாலும், "செப்பு முத்திரை வாங்காதவன் இனி இந்த ஊரில் ஒரு கல்லையும் எடுத்து வைக்கக் கூடாது" என்று ஆணையிட்டார்.

முத்திரை வழங்கும் பொறுப்பு அமைச்சர் அழகப்பிரானுக்குப் போனது. அவர் விதி எழுதினார்: உள்ளூரில் பத்து வருஷம் நின்ற கட்டுமானத்தைக் காட்டுபவருக்கே முத்திரை. மற்றவர்கள், முத்திரை பெற்றவருக்குக் கீழே வேலை செய்யலாம். சொல்லிவைத்தாற்போல ஒரே ஒருவர்தான் தேறினார். அவர் அமைச்சரின் மைத்துனர் வில்லவராயர். காட்டியது ஒரு மாட்டுக்கொட்டகை.

அவர் செப்பனிட்ட ஏரிக்கரை ஐப்பசியில் கசியத் தொடங்கியது. கரைக்குக் கீழே தொண்ணூறு வீடுகள். அதில் ஒன்று அரசவை விகடன் குப்பாண்டியின் அக்காள் வீடு. அவள் அரிசிப் பானையைப் பரணில் ஏற்றிவிட்டு, பிள்ளைகளை எங்கே ஏற்றுவது என்று அழுதாள். குப்பாண்டிக்கு அன்று வேடிக்கைப் பேச்சே வரவில்லை.

வெளியூரில் பதினான்கு ஏரிகளுக்குக் கரை போட்ட மாசிலாமணியை அவனே அழைத்து வந்தான்.

"எட்டு நாள் கொடுங்கள், அடைத்துவிடுகிறேன்" என்றார் மாசிலாமணி.

"உள்ளூரில் என்ன கட்டியிருக்கிறீர்?" என்றார் அமைச்சர்.

"முத்திரை தந்தால்தானே கட்ட முடியும், ஐயா."

"கட்டியிருந்தால்தானே முத்திரை."

வில்லவராயரோ தனக்குக் கீழே எவரையும் சேர்ப்பதாக இல்லை.

மறுநாள் குப்பாண்டி சபையில் கைகட்டி நின்றான். "மகாராஜா, உள்ளூர்க்காரர்கள் சிலருக்கு முத்திரை வேண்டும். அவர்கள் கட்டியது இருபது வருஷமாக எந்த மழைக்கும் கரையவில்லை."

"அப்படியானால் தடையேதும் இல்லை" என்றார் அமைச்சர்.

குப்பாண்டி எல்லோரையும் அரண்மனைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனான். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு கறையான் புற்று நின்றது.

"இது சபையை அவமதிக்கும் செயல்" என்று அமைச்சர் சீறினார்.

"விண்ணப்பிப்பவருக்கு எத்தனை கால் இருக்க வேண்டும் என்று தங்கள் விதியில் இல்லையே, பிரபு."

ராஜா மீசைக்குள் சிரிப்பை அடக்கினார். "விதி விதிதான். கட்டும் முத்திரையை."

அமைச்சர் முகத்தைச் சுளித்துக்கொண்டு முத்திரையைக் கயிற்றில் கோத்துப் புற்றைச் சுற்றிக் கட்டினார். "மாசிலாமணி இனி இவர்களுக்குக் கீழே வேலை செய்வார்" என்றான் குப்பாண்டி. கறையான்கள் மறுப்பேதும் சொல்லவில்லை.

எட்டு நாளில் கரை முடிந்தது. ஒன்பதாம் நாள் கொட்டிய மழையில் ஒரு சொட்டும் கசியவில்லை. அக்காள் பானையை இறக்கி உலை வைத்தாள். ராஜா குப்பாண்டிக்கு முத்துமாலை போட்டு, முத்திரை வழங்கும் வேலையையும் அவனிடமே ஒப்படைத்தார்.

குப்பாண்டி பழைய விதிகளை அடித்துவிட்டு ஒன்றே ஒன்று எழுதினான்: ஏரிக்கரையில் கை வைத்தவர், அந்த மழைக்காலம் முழுக்கக் குடும்பத்தோடு கரைக்குக் கீழே குடியிருக்க வேண்டும்.

மாசிலாமணி உடனே குடிசைக்கு மூங்கில் வெட்டப் போனார். வில்லவராயர் வரவில்லை. அவருடைய முத்திரை மட்டும் ஓர் ஓலையோடு வந்து சேர்ந்தது. தமக்கு நெடுநாளாகவே முதுகுவலி என்று எழுதியிருந்தார். அதைப் படித்த ராஜா சிங்காசனத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.